முதல் வளவு வாங்குமுன்: உழைக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு

மட்டக்களப்பில் ஒரு வங்கியின் கடன் மேசையில் 16 வருடம் இருந்தேன். வீட்டுக் கடன் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். சம்பளம் போதாமல் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். காணியின் காகிதம் சரியில்லாமல் போனவர்களும், எப்போதோ எடுத்து மறந்துபோன ஒரு சின்னக் கடனால் போனவர்களும்தான் அதிகம். இந்த இரண்டையும் 20 வயதில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால், 30 வயதில் அவர்கள் சொந்த வளவுக்குள் இருந்திருப்பார்கள். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு வேலை கிடைத்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தால் இது உங்களுக்கு. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள்.

ஒரு கொப்பி, மூன்று மாதம்

கடையில் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். மூன்று மாதத்துக்குக் கையில் வந்த காசு, கையை விட்டுப் போன காசு இரண்டையும் அன்றன்றே எழுதுங்கள். எதையும் குறைக்கச் சொல்லவில்லை, எழுதினால் போதும்.

என் தங்கையின் மகள் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள், சம்பளம் 48,000. அவளுடைய கொப்பியின் முதல் மாதப் பக்கத்தை நான் பார்த்தேன். பஸ், ரீலோட், பின்னேரத் தேநீரும் ரோல்ஸும், கூட்டாளியின் கல்யாணத்துக்குக் கொடுத்த காசு, தம்பியின் டியூஷன் பீஸ், அம்மாவின் மருந்து, சீட்டு 5,000, போன் தவணை 6,500. அவள் நினைத்திருந்தது தான் தின்பண்டத்தில்தான் காசை அழிக்கிறேன் என்று. கூட்டிப் பார்த்தால் அது 3,800. வீட்டுக்குக் கொடுத்ததுதான் 21,000. அதை அவளும் எண்ணவில்லை, அவள் அம்மாவும் எண்ணவில்லை. 'இவ்வளவா மனே தந்திருக்காய்?' என்று தங்கை கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்கு 17,000, மகளின் பெயரில் வேறாக 4,000 என்று இருவரும் பேசி முடித்தார்கள். கொப்பி இல்லாமல் அந்தப் பேச்சு எழுந்திருக்காது, எழுந்திருந்தாலும் சண்டையில்தான் முடிந்திருக்கும்.

வயல் குடும்பம் என்றால் மாதக் கணக்கு பொருந்தாது. பெரும்போகம் வெட்டி நெல் விற்ற காசு பங்குனியில் கை நிறைய இருக்கும், ஐப்பசியில் பசளைக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். அப்படியானவர்கள் போகத்துக்குப் போகம் எழுதுங்கள். நெல் விற்ற அன்றே அடுத்த விதைப்புச் செலவை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். மீதியைத்தான் உங்கள் வருமானமாக எண்ண வேண்டும்.

மூன்று மாதம் முடிந்ததும், சம்பளம் விழுகிற நாளிலேயே ஒரு தொகை வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். 3,000 ஆனாலும் சரி. மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று இருந்தவர்களில் சேமித்தவர்களை நான் கண்டது மிகக் குறைவு.

கடன் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

நம் பக்கத்தில் இளம் பிள்ளைகளைப் பிடிக்கிற கடன்கள் மூன்று: மோட்டார் சைக்கிள் லீசிங், போன் தவணை, அம்மாவின் பெயரில் எடுத்த கிழமைக் கடன். கிழமைக் கடன் வீடுகளை என்ன செய்தது என்று, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வட்டியை இப்படிப் பாருங்கள். ஒரு லட்சம் தருகிறோம், மாதம் 2 சதவீதம்தான், 12 மாதத்தில் கட்டி முடியுங்கள் என்கிறார்கள். மாதம் 2,000 வட்டி, வருடத்துக்கு 24,000. ஆக 1,24,000ஐ 12ஆல் பிரித்து மாதம் 10,333 கட்ட வேண்டும். கேட்பதற்கு வருடத்துக்கு 24 சதவீதம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு லட்சம் வருடம் முழுவதும் உங்கள் கையில் இல்லை. மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. சரியாகக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 41 சதவீதத்தைத் தாண்டுகிறது. எந்தக் கடனிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: 'வட்டி குறைந்து வரும் மீதிக்கா, முழுத் தொகைக்கா?' கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

அப்புறம் பிணை. மச்சானுக்கு ஓட்டோ எடுக்கக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், மறந்தும் போயிருப்பீர்கள். மச்சான் தவணை தவறினால் அது உங்கள் பெயரிலும் ஏறும். இலங்கையில் எல்லா வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் விவரங்களைக் கடன் தகவல் பணியகத்துக்கு அனுப்புகின்றன. நாம் கிரிப் என்று சொல்வது அதைத்தான். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. 'கிரிப்பில் போட்டுவிட்டார்கள்' என்று பயந்து பேசுவார்கள். அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. நீங்கள் எடுத்த கடன், கட்டிய விதம், போட்ட பிணை எல்லாம் வரிசையாக இருக்கும், அதைப் பார்த்து முடிவெடுப்பது வங்கி. உங்கள் அறிக்கையை நீங்களே கட்டணம் கட்டி எடுக்கலாம். வீட்டுக் கடன் கேட்கப் போவதற்கு ஒரு வருடம் முன்பே எடுத்துப் பாருங்கள், பிழை இருந்தால் திருத்த அந்தக் காலம் வேண்டும். ஒரு ஆசிரியரின் வீட்டுக் கடன், அவர் எப்போதோ கைவிட்ட ஒரு கிரெடிட் கார்டில் கிடந்த சின்ன நிலுவையால் நான்கு மாதம் தள்ளிப்போனதை நான் கண்டிருக்கிறேன். அதற்குள் அவர் பார்த்த காணியை வேறொருவர் வாங்கிவிட்டார்.

காசை எங்கே வைப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மாதச் செலவுக்குக் காணும் தொகை சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அதற்கு மேல் வருவதை நிலையான வைப்பில் போடுங்கள். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கி, நிதிக் கம்பனி ஒவ்வொன்றிலும் ஒரு வைப்பாளருக்கு 11 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. அனுமதி பெற்றவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது, போடுமுன் அதில் பெயரைப் பாருங்கள். சீட்டு, ஆளை ஆள் தெரிந்த இடத்தில் நல்லதுதான், ஆனால் வீட்டுக் காசு முழுவதையும் அதில் வைக்காதீர்கள். நகை வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது என்பதைக் கணக்கில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்தால் காசு இரட்டிக்கும் என்று வருவது பிரமிட் திட்டம், இலங்கையில் அது சட்டப்படி குற்றம்.

கடையில், கராஜில், தனியார் பாடசாலையில் வேலை செய்பவர்கள் ஊழியர் சேமலாப நிதியை (ஈபிஎஃப்) கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதலாளி கட்டத்தான் வேண்டும். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி தன் பங்குக்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியே வேறாக 3 சதவீதம். அங்கத்துவ இலக்கம் உங்கள் கையில் இருக்க வேண்டும். இது கிழவயதுக் காசு மட்டுமல்ல. 10 வருடம் கட்டி, கணக்கில் 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுத் தேவைக்கு அதில் 30 சதவீதத்தை 20 லட்சம் என்ற எல்லைக்குள் எடுக்கலாம். கணக்கின் மீதியைக் காட்டி வீட்டுக் கடன் எடுக்கவும் வழி இருக்கிறது. 'கையில் முழுச் சம்பளத்தையும் தாறன், ஈபிஎஃப் வேண்டாம்தானே?' என்று கேட்கிற முதலாளிக்கு ஓம் என்று சொல்லும்போது, உங்கள் வீட்டின் ஒரு அறையை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

வீட்டில் இருந்து பேச வேண்டிய பேச்சு

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை, தமிழர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும், நம் வழக்கம் ஒன்றுதான். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இதைக் கெட்ட வழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். தன் பெயரில் வீடு இருக்கிற பெண்ணை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. என் அம்மம்மாவை அந்த வீடுதான் காப்பாற்றியது.

ஆனால் அந்த வீட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அண்ணன் கட்டாரில் எட்டு வருடம் நின்று அனுப்பிய காசில் தங்கச்சிக்கு வீடு எழும்பும். அவன் திரும்பி வரும்போது அவனிடம் கொப்பியும் இல்லை, வைப்பும் இல்லை. இன்னொரு வீட்டில் கல்யாணத் திகதி குறித்த பிறகுதான் வீட்டைப் பற்றியே யோசிப்பார்கள். ஆறு மாதத்தில் கட்டி முடிக்க கிழமைக் கடன், நகை அடகு, தெரிந்தவரிடம் கைமாற்று என்று எல்லாமே சேர்ந்துவிடும். வீடு நிற்கும், வீட்டைக் கட்டியவர்கள் நிமிர்ந்து நிற்க மாட்டார்கள்.

எனவே பிள்ளைக்கு 18 வயதாகும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருந்து பேசுங்கள். இருக்கிற வளவு யாருடைய பெயரில் இருக்கிறது? யாருக்கு எந்தப் பக்கம்? யார் எவ்வளவு போடுகிறார்கள்? போடுகிறவருக்கு என்ன? எழுதி வையுங்கள். பெண்பிள்ளைகளுக்கு நான் வேறாகச் சொல்வது ஒன்று: உங்கள் பெயரில் வருகிற உறுதியை நீங்களே வாசியுங்கள். நன்கொடை உறுதியில் பெற்றோர் சீவிய உரித்து, அதாவது தாங்கள் சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை, வைத்திருக்கலாம். அது தவறில்லை, அவர்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் அவர்கள் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுக்க முடியாது. நன்கொடை உறுதியில் வந்த காணிக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்குவதும் உண்டு. இதைத் தெரியாமல் அத்திவாரம் வெட்டியவர்கள் பலர்.

எவ்வளவு கடன் தாங்கும்

30 லட்சம் ரூபாய் கடன், வட்டி 12 சதவீதம் என்று வைப்போம். 15 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 36,000. கட்டி முடிக்கும்போது 64 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். 10 வருடத்துக்கு எடுத்தால் தவணை 43,000, மொத்தம் 51 லட்சத்து 65 ஆயிரம். மாதம் 7,000 கூடக் கட்டுவதால் 13 லட்சம் மிஞ்சுகிறது. இந்தக் கணக்கை உங்கள் தொகைக்கும் இன்றைய வட்டிக்கும் போட்டுத் தரச் சொல்லி வங்கியில் கேளுங்கள், சும்மா செய்து தருவார்கள்.

என் அளவுகோல் இது: எல்லாத் தவணைகளும் சேர்ந்து வீட்டுக்கு வருகிற நிரந்தர வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. வங்கி அதற்கு மேலும் தரும், வாங்காதீர்கள். மாறும் வட்டியா, நிலையான வட்டியா, நிலையானது என்றால் எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். 2022இல், வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முதன்மைக் கடன் வட்டியே 20 சதவீதத்தைத் தாண்டியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்கள் என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். வட்டி 5 சதவீதம் ஏறினாலும் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முடிவெடுங்கள்.

கடன் எடுக்கும் முன் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். தவணை 36,000 என்றால், ஆறு மாதத்துக்கு அந்த 36,000ஐ மாதாமாதம் வைப்பில் போடுங்கள். ஆறு மாதமும் தவறாமல் போட முடிந்தால் கடன் எடுக்கலாம். கையில் 2,16,000மும் சேர்ந்திருக்கும், உறுதிச் செலவுக்கு உதவும்.

வட்டி வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு இஸ்லாமிய வங்கி முறையில் வேறு வழி இருக்கிறது. வங்கியும் நீங்களும் சேர்ந்து வாங்கி, வங்கியின் பங்கை நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு வருவீர்கள். அங்கேயும் மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று பார்த்து, மற்ற வங்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காணியை இரண்டு முறை பாருங்கள்: மார்கழியில் ஒன்று, கச்சான் காற்றில் ஒன்று

தரகர்கள் காணி காட்டுவது பெரும்பாலும் சித்திரைக்குப் பிறகு. மணல் காய்ந்து, வேலியோரம் பூவரசு பூத்து, எல்லாம் அழகாக இருக்கும். அதே காணியில் மார்கழி மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கலாம். 2011 தை மாத வெள்ளம் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்தையும் மூழ்கடித்தது. அந்த வருடம் இங்கே எது வரை தண்ணீர் வந்தது என்று பக்கத்து வளவில் இருக்கும் அம்மம்மாவைக் கேளுங்கள். அவர் சுவரில் கை வைத்துக் காட்டுவார். அந்தக் கையின் உயரம்தான் உங்கள் அத்திவாரத்தின் உயரம், அதற்கு எத்தனை கியூப் மண் போட வேண்டும் என்பதும் காணியின் விலையில் சேரும். 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்டவர்கள் இருந்தால், எந்தப் பக்கக் காற்று கூரையைத் தூக்கியது என்றும் கேளுங்கள்.

கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் மறுபடி போங்கள். இந்த முறை கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். கல்லடி, நாவற்குடாவிலிருந்து காரைதீவு, தம்பிலுவில் வரை கடற்கரை மணலில் மாரியில் இனிக்கிற கிணறு கோடையில் உவர்க்கலாம். பக்கத்து வீட்டு மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். 50 அடியாவது இருக்க வேண்டும். சின்ன வளவுகளில் இதுதான் இடிக்கும்.

கடலுக்குக் கிட்டவாக இருந்தால் இன்னொன்று. உயர்நீர் மட்டத்திலிருந்து நிலத்தின் பக்கமாக 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்ட கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு இதைப் பற்றி யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

பங்கு பிரித்து விற்கும் காணி என்றால் அளவைப் பாருங்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச். கட்டட அனுமதிக்குக் குறைந்த அளவு 150 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 6 பேர்ச். 5 பேர்ச் மலிவாக வருகிறது என்று வாங்கினால் கட்டும்போது நிறுத்திவிடுவார்கள். வளவுக்குப் போகும் ஒழுங்கை உறுதியில் இருக்கிறதா, அல்லது முன் வளவுக்காரர் பெருந்தன்மையாக விட்டிருக்கிற வழியா என்பதையும் பாருங்கள்.

காகிதம்

இங்கேதான் நேரம் எடுக்க வேண்டும். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும், அவசரம் அவருக்குத்தான், உங்களுக்கில்லை.

என் அப்பா 1990களில் படுவான்கரையில் ஒரு துண்டு வாங்கினார். முத்திரை ஒட்டிய ஒரு தாளில் 'இன்றிலிருந்து இது உங்களுக்கு' என்று எழுதி, இருவரும் கையெழுத்து வைத்து, ஊரில் இரண்டு பேர் சாட்சியும் போட்டார்கள். அந்தத் தாள் பொலித்தீன் பையில் சுற்றி, அம்மாவின் கூறைச் சேலைக்குக் கீழே றங்குப்பெட்டியில் இருபது வருடம் இருந்தது. நான் வங்கியில் சேர்ந்த பிறகு ஒருநாள் எடுத்து வாசித்தேன். கீழே ஒரு வரியில் அனுமதிப்பத்திர இலக்கம் இருந்தது. அது அரச காணி. விற்றவருக்கு விற்கும் உரிமையே இல்லை. அப்போது அவர் இறந்துபோயிருந்தார், அனுமதிப்பத்திரம் அவருடைய மகனின் பெயரில் இருந்தது. அப்பா திண்ணையில் இருந்து அந்தத் தாளைத் திரும்பவும் நான்காக மடித்தார். எதுவும் சொல்லவில்லை.

எனவே முதல் கேள்வி: இது தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியா, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா, அளிப்புக் காணியா?

கல்லோயாக் குடியேற்றத் திட்டம் தொடங்கி நம் இரண்டு மாவட்டங்களிலும் ஏராளமான நிலம் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது. அனுமதிப்பத்திரமும், ஜயபூமி, ஸ்வர்ணபூமி போன்ற அளிப்புகளும் அந்தச் சட்டத்தில் வருபவை. இவற்றைக் கைமாற்ற பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாமல் எழுதியது செல்லாது, எத்தனை சாட்சி இருந்தாலும் செல்லாது. பின்னுரித்தாளராக, அதாவது இப்போது வைத்திருப்பவர் இறந்தபின் காணி போகும் ஆளாக, யார் பெயர் பதிந்திருக்கிறது என்றும் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள். பெயர் குறிக்காமல் இறந்தால் 2022 திருத்தம் வரும்வரை ஆண்பிள்ளைக்குத்தான் முன்னுரிமை இருந்தது. இதனால் அம்மா மகளுக்கென்று வைத்திருந்த காணி அண்ணனுக்குப் போன வீடுகள் உண்டு. வன இலாகா, தொல்லியல் திணைக்களம் இவற்றின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள்.

உறுதிக் காணி என்றால், உறுதியின் பிரதியை வாங்கி உங்களுக்காக வேலை செய்யும் ஒரு சட்டத்தரணி நொத்தாரிசிடம் கொடுங்கள். விற்பவருடைய நொத்தாரிசே போதும், செலவு மிச்சம் என்பார்கள். அந்த மிச்சம் வேண்டாம். உங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவைத் தேடிப் பார்க்க வேண்டும். உங்கள் காணிக்குரிய பதிவகம் மட்டக்களப்பிலா கல்முனையிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். ஈடு இருக்கிறதா, வழக்குப் பதிந்திருக்கிறதா, ஏற்கனவே யாருக்காவது விற்றுப் பதிந்திருக்கிறதா என்பதெல்லாம் பதிவேட்டுப் பக்கத்தில் வரும்.

தேடும்போது வரக்கூடிய சிக்கல்களில் நான் அதிகம் கண்டவை:

பிரிபடாத பங்கு. 'இந்தக் காணியில் எட்டில் ஒரு பங்கு' என்று உறுதியில் இருக்கும், வேலி போட்டு ஒரு மூலையைக் காட்டுவார்கள். அந்த மூலை உங்களுடையது என்று காகிதத்தில் எங்கும் இருக்காது. எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து பிரிவு உறுதி எழுதிய பிறகு வாங்குங்கள்.

பிரகடன உறுதி. யுத்தத்தில் உறுதி தொலைந்தது, ஆண்டு அனுபவிக்கிறோம் என்று தானே எழுதிப் பதிந்தது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் அந்தக் காணி யாருடையது, அவர்கள் இடம்பெயர்ந்து வெளிநாட்டில் இருக்கிறார்களா என்று அறியாமல் தொடாதீர்கள்.

அற்றோணித் தத்துவம். தன் சார்பில் செய்ய இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம் இது. சொந்தக்காரர் லண்டனில், தம்பி விற்கிறார். தத்துவம் பதியப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா, சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா? கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். வீடியோ அழைப்பில் அவரோடு நேரே பேசுங்கள்.

அடுத்தது எல்லை. பழைய உறுதிகளில் 'வடக்கு இன்னாருடைய வளவு, கிழக்கு ஒழுங்கை' என்று இருக்கும். இன்னார் இறந்து, வளவு மூன்று கை மாறி, ஒழுங்கை தார் வீதியாகியிருக்கும். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கூட்டிப்போய் புதிதாக அளந்து பிளான் எடுங்கள். அளக்கும் நாளில் நான்கு பக்கத்து வளவுக்காரர்களையும் வரச் சொல்லுங்கள். கல் நடும்போது அவர்கள் பக்கத்தில் நின்று ஓம் என்று தலையாட்டுவது, பின்னால் வருகிற பத்து வருட வழக்கை அன்றே முடித்துவிடும். ஒரு தேநீரும் பிஸ்கட்டும் கொடுங்கள்.

காசு கொடுக்கும் நாள்

தேடல் முடியும் முன் முற்பணம் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால், நொத்தாரிசு எழுதும் ஒப்பந்தத்தோடு, வங்கி மூலம் கொடுங்கள். காகிதம் பிழைத்தால் எத்தனை நாளில் திரும்பத் தர வேண்டும் என்று அதில் இருக்கட்டும்.

காணி விற்பனை நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் இது. முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 20 லட்சம் காணிக்கு 79,000 வரும். நொத்தாரிசுக் கட்டணம், தேடல், அளவை எல்லாம் வேறு. தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். வங்கிக் கடன் குறையும், பின்னால் வழக்கு வந்தால் நீங்கள் கொடுத்தது அவ்வளவுதான் என்று ஆகிவிடும், அது சட்டப்படியும் தவறு.

கையெழுத்து வைக்குமுன் உறுதியின் அட்டவணையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பேர்ச், பிளான் இலக்கம், நான்கு எல்லை, உங்கள் அடையாள அட்டை இலக்கம், பெயரின் எழுத்து. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த இன்னொரு உறுதி எழுத வேண்டி வரும்.

வீடு கட்டுவது

இது தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே இரண்டு சொல். மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ, பிளானுக்கு அனுமதி எடுத்த பிறகே அத்திவாரம் வெட்டுங்கள். வங்கி கடனைக் கட்டம் கட்டமாகத்தான் விடும், முதல் கட்டத்துக்கு உங்கள் சொந்தக் காசு வேண்டும். கட்டி முடித்துக் குடிபுக, அனுமதித்த பிளான்படி கட்டியது என்று சபை கொடுக்கும் ஒத்திசைவுச் சான்றிதழ் எடுக்க வேண்டும், பலர் இதை மறக்கிறார்கள். ஒரே தடவையில் பெரிய வீடு கட்ட வேண்டாம். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு மலசலகூடம் முடித்துக் குடிபோங்கள். லின்டல் மட்டத்தில் ஏழு வருடம் மழையில் நனைகிற பெரிய வீட்டை விட, ஓடு போட்டு விளக்கெரிகிற சின்ன வீடு நல்லது. பிறகு கூட்டலாம் என்று மேசனிடம் முன்கூட்டியே சொன்னால் அந்தப் பக்கச் சுவரில் அதற்கு இடம் விட்டுக் கட்டுவார்.

உறுதி எழுதிய பிறகு

உறுதியைப் பதிவகத்தில் பதிய எவ்வளவு நாளாகும் என்று கேட்டு, அந்த நாளில் போய் நிற்பது உங்கள் வேலை. பதியாத உறுதிக்கு மேல், அதே காணியைப் பின்னால் வாங்கி முதலில் பதிந்தவரின் உறுதி நின்றுவிடும். பதிந்து வந்ததும் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி ஒன்று எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சபையில் சோலைவரியையும், மின்சார இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உறுதியை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மூலத்தைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டுங்கள்.